தொட்டால் தீருமா நோய்?



எங்கள் காங்கேயத்தில் அரிசி ஆலைகளின் இரைச்சல் ஓய்ந்து அடங்கும் ஒரு மாலைப் பொழுதில், முன்னர் என்னிடம் படித்த பெண்மணி ஒருவர் என் இல்லத்திற்கு வந்தார். இப்போது அவருக்கே ஐம்பது வயதிருக்கும். பள்ளிக்கூடத்தில் கேள்வி கேட்கத் தயங்காத பிள்ளை அவர். அன்று திண்ணையில் அமர்ந்து நெடுநேரம் பேசாமலே இருந்தார். பிறகு சொன்னார்: “சார், வாரா வாரம் சனிக்கிழமை எங்க ஊட்டுல பத்துப் பன்னண்டு பேரு வட்டமா உக்காருவமுங்க. நாள்பட்ட நோவுக்காரங்க. ஒருத்தர் மேல ஒருத்தர் கை வெச்சு ஆற்றல் குடுக்கிறதுங்க. காசு வாங்கறதில்லைங்க. நல்லதுன்னுதான் செஞ்சனுங்க. இப்ப பாருங்க, எங்க சித்தப்பா மகன் சர்க்கரை ஊசிய நிறுத்திப்போட்டாருங்க. கால்ல புண்ணு வந்து, கோயமுத்தூர்ல ரெண்டு விரலை எடுத்துட்டாங்க. நான் செய்யறது தப்புங்களா, சார்?”

நான் வைத்தியன் அல்லேன். நாற்பது ஆண்டு சரித்திரம் கற்பித்தவன். ஆகவே, “சரித்திரம் இதைப் பற்றி என்ன சொல்கிறதென்று பார்ப்போம், அம்மா” என்று மட்டும் சொல்லி அனுப்பினேன். அடுத்த சனிக்கிழமை நானும் அந்த வட்டத்தில் போய் அமர்ந்தேன். கூடத்தில் பாய் விரித்திருந்தார்கள், நடுவே குத்துவிளக்கு. மூட்டு வாதத்தால் கை மடங்காதவர், இளைப்பு நோயாளி, பாரிச வாயுவில் ஒரு பக்கம் தளர்ந்தவர், ஆண்டுக்கணக்காக ஒற்றைத் தலைவலியால் வருந்தும் இளம்பெண் எனப் பலர் இருந்தார்கள். ஒவ்வொருவரும் பக்கத்தவர் தோளில் கை வைத்துக் கண் மூடினோம். அரை மணி நேரம் கழிந்தது. என் தோளில் இளஞ்சூடு பரவியது மெய். அன்றிரவு என் முழங்கால் வலி பாதியாகக் குறைந்ததும் மெய். மூன்றாம் நாள் பழைய குருடி கதவைத் திறடி என்று வலி திரும்பி வந்ததும் மெய்யே!

கை தொட்டு நோய் நீக்கலாம் என்ற நம்பிக்கை எந்த ஒரு நாட்டுக்கும் தனியுடைமை அன்று. குழந்தை பயந்து அழுதால் திருநீறு மந்திரித்துப் போடுவதும், வேப்பிலையால் நீவி விடுவதும் நம் கொங்கு நாட்டுக் கிராமங்களில் எல்லோரும் கண்டவை. இங்கிலாந்தில் கழுத்துக் கழலை நோய்க்கு ‘அரசர் நோய்’ என்றே பெயர். அரசர் தொட்டால் அது தீரும் என்று நம்பினார்கள். பின்னாளில் ஆங்கில அகராதி தொகுத்துப் புகழ்பெற்ற சாமுவேல் ஜான்சனைக் கைக்குழந்தையாக இருந்தபோதே, 1712இல், ஆன் அரசியிடம் தூக்கிச் சென்றார்கள். அரசியும் தொட்டார். நோய் தீரவில்லை, கத்தி வைத்த வடு ஜான்சனின் கழுத்தில் கடைசிவரை இருந்தது.

நிற்க. வட்டமாக அமர்ந்து ‘ஆற்றல்’ பெறும் முறையை ஐரோப்பாவில் பெரிய அளவில் நடத்திக் காட்டியவர் பிரான்ஸ் அன்டோன் மெஸ்மர். 1734இல் பிறந்தவர், வியன்னாவில் 1766இல் மருத்துவப் பட்டம் பெற்றவர். கோள்கள் மனித உடலின் மீது செலுத்தும் ஆதிக்கம் பற்றியே பட்டத்துக்கான கட்டுரையை எழுதினார். முதலில் காந்தக் கட்டிகளை நோயாளியின் உடலில் வைத்துப் பார்த்தார். பிறகு, காந்தமே வேண்டியதில்லை, உலகெங்கும் நிறைந்த ஒரு நுண்ணிய திரவம் தம் கை வழியாகவே பாய்கிறது என்று முடிவு செய்தார். அதற்கு ‘உயிர்க் காந்தம்’ என்று பெயரிட்டு, 1778இல் பாரிஸ் நகரில் கடை விரித்தார். கொள்வார் ஏராளம்!

அந்தக் கூடத்தை நீங்கள் மனக்கண்ணால் காண வேண்டும். நடுவில் மூடியிட்ட பெரிய மரத்தொட்டி. அதனுள் மெஸ்மர் ‘காந்தம் ஏற்றிய’ நீர்ப் புட்டிகள். மூடியின் துளைகள் வழியே வளைந்த இரும்புக் கம்பிகள் வெளியே நீளும். நோயாளிகள் சுற்றி அமர்ந்து, கம்பியின் முனையைத் தத்தம் நோயுற்ற உறுப்பில் வைத்துக்கொள்வார்கள். எல்லாரையும் ஒரு கயிறு இணைக்கும். ஒருவர் கட்டை விரலை மற்றவர் பற்றுவார். சன்னல்களுக்குத் திரை; சுவரில் கண்ணாடிகள்; மெல்லிய இசை. ஊதா நிறப் பட்டங்கி அணிந்த மெஸ்மர் இடையே நடந்து வந்து கையை நீட்டுவார். சிலர் அழுவர், சிலர் சிரிப்பர், சிலர் வலிப்புக் கண்டு விழுவர். அந்த வலிப்பே குணத்தின் அறிகுறி என்றார் மெஸ்மர். அவருடைய இரகசியத்தைக் கற்க விரும்பியோர் நூறு பொற்காசு கட்டி ஒரு சங்கத்தில் சேர வேண்டியிருந்தது.

பேச்சு அரசர் பதினாறாம் லூயியின் செவிக்கு எட்டியது. 1784இல் அவர் ஒரு விசாரணைக் குழுவை அமர்த்தினார். அதில் இருந்தவர்களைக் கேளுங்கள்: இடியின் மின்சாரத்தை ஆராய்ந்த பெஞ்சமின் பிராங்க்ளின், நவீன இரசாயனத்தின் தந்தை எனப்படும் லவாசியே, வானநூலார் பாயி, மருத்துவர் கில்லட்டின். பிராங்க்ளினுக்கு அப்போது எழுபத்தெட்டு வயது. அவரே கீல்வாயுவாலும் சிறுநீர்க் கல்லாலும் நெடுங்காலமாகத் துன்புற்றவர். நாள்பட்ட நோயாளியின் ஏக்கம் இன்னதென அறிந்தவர். இன்னொரு வேடிக்கையும் உண்டு. மெஸ்மரின் கூடத்தில் ஒலித்த கண்ணாடிக் கிண்ண வாத்தியத்தை அமைத்தவரே பிராங்க்ளின்தான்!

மெஸ்மர் சோதனைக்கு உடன்படவில்லை. அவருடைய சீடர் தெஸ்லோன் உடன்பட்டார். குழுவினர் முதலில் தாங்களே தொட்டியைச் சுற்றி அமர்ந்து பார்த்தார்கள், ஒன்றும் தோன்றவில்லை. பிறகு மிக எளிய சோதனை ஒன்றைச் செய்தார்கள். பாஸியில் பிராங்க்ளினின் தோட்டத்தில் தெஸ்லோன் ஒரு சர்க்கரைப் பாதாமி மரத்துக்குக் காந்தம் ஏற்றினார். பன்னிரண்டு வயதுச் சிறுவன் ஒருவனை, எளிதில் ஆற்றலை உணர்பவன் என்று அவரே தேர்ந்தெடுத்துக் கொண்டுவந்தார். அவன் கண்ணைக் கட்டி, மரம் மரமாக அழைத்துச் சென்று, ஒவ்வொன்றையும் கட்டிப்பிடிக்கச் சொன்னார்கள். முதல் மரத்தில் வியர்த்தது. அடுத்ததில் தலை சுற்றியது. நான்காம் மரத்தடியில் உணர்விழந்து விழுந்தான். காந்தம் ஏற்றிய மரமோ இருபத்துநான்கு அடிக்கு அப்பால் நின்றது! அவன் அதனிடம் நெருங்கவே இல்லை.

சிறுவன் நடித்தான் என்று குழு சொல்லவில்லை என்பதை மாணவர்கள் கவனிக்க வேண்டும். வியர்வை உண்மை, மயக்கம் உண்மை. ஆயின் அதற்குக் காரணம் மரத்தில் இல்லை, அவன் எதிர்பார்ப்பில் இருந்தது. காந்தம் இன்றியும் கற்பனை வலிப்பை உண்டாக்குகிறது. கற்பனை இன்றிக் காந்தம் எதையும் உண்டாக்கவில்லை என்பது குழுவின் தீர்ப்பு. கண்ணைக் கட்டிச் சோதிக்கும் முறை மருத்துவ ஆராய்ச்சிக்குள் புகுந்த முதல் நிகழ்ச்சிகளில் இதுவும் ஒன்று. (பத்தாண்டு கழியுமுன்னரே, பிரெஞ்சுப் புரட்சியில், லவாசியேயும் பாயியும் கில்லட்டின் பெயர் பெற்ற இயந்திரத்திலேயே தலை இழந்தார்கள் என்பது வேறு கதை.)

மெஸ்மர் மறைந்தாலும் முறை மறையவில்லை. அது நம் நாட்டுக்கும் வந்தது. வங்காளத்தில் ஹூக்ளியில் பணியாற்றிய ஸ்காட்லாந்து அறுவை மருத்துவர் ஜேம்ஸ் எஸ்டெயில், 1845 ஏப்ரலில், விரைவீக்கத்தால் துடித்த கைதி ஒருவனைக் கையசைவுகளால் உறங்க வைத்தார். அதுவரை அவர் இக்கலையைப் படித்திருந்தாரே அன்றிச் செய்து பார்த்ததில்லை. பின்னர் யானைக்கால் நோயால் உண்டான பெருங்கட்டிகளை, நோயாளி அலறாமலே அறுத்து எடுத்தார். மயக்க மருந்து வழக்கத்துக்கு வராத நாள் அது என்பதை நினைவில் கொள்ளுங்கள். கட்டி அறுப்பது என்றால் நான்கு பேர் அழுத்திப் பிடிக்க வேண்டும். எஸ்டெயிலின் இந்திய உதவியாளர்கள் நோயாளியின் அருகே அமர்ந்து மணிக்கணக்காக நீவிக்கொண்டே இருப்பார்கள். அரசாங்கம் ஒரு குழுவை வைத்து விசாரித்து, 1846 நவம்பரில் கல்கத்தாவில் அவருக்கென ஒரு சிறு மருத்துவமனையும் அளித்தது. அதற்கு முந்திய மாதந்தான் அமெரிக்காவில் பாஸ்டன் நகரில் ஈதர் மயக்க மருந்தை எல்லார் முன்னிலையிலும் செய்து காட்டியிருந்தார்கள். அடுத்த ஆண்டே குளோரோபாரமும் வந்தது. சில நிமிடங்களில் மயக்கம் வரும்போது மணிக்கணக்காக நீவுவார் யார்?

எஸ்டெயிலை நான் ஏமாற்றுக்காரர் வரிசையில் வைக்க மாட்டேன். வலி என்பதில் மனத்துக்குப் பெரும் பங்குண்டு என்பதை அவர் காட்டினார். ஆயினும், வலியை மறக்கச் செய்தது கையசைவு. கட்டியை நீக்கியது கத்தி. இந்த இரண்டையும் அவர் குழப்பிக்கொள்ளவில்லை. நம் காலத்தில் குழப்பிக்கொள்கிறார்கள்.

இனி நமக்கு இன்னும் அணுக்கமான ஒருவரைப் பார்ப்போம். அடையாறு என்றதும் பிரம்மஞான சபை நினைவுக்கு வரும். அதன் தலைவர் கர்னல் ஹென்றி ஸ்டீல் ஆல்காட், 1882இல் இலங்கைக்குச் சென்றார். பௌத்தப் பள்ளிக்கூடங்களுக்குப் பணம் திரட்டுவது அவர் நோக்கம். அவ்வாண்டு ஆகஸ்டில், காலி நகரில், பாரிச வாயுவால் கையும் காலும் தளர்ந்த கொர்னேலிஸ் அப்பு என்பவர் நன்கொடை கொடுக்க வந்தார். ஆல்காட் இளமையில் மெஸ்மரின் முறையைக் கற்றவர். மனம் இரங்கி, அவர் கைமீதும் கால்மீதும் நீவி விட்டார். நோயாளி சில நாளில் தேறினார். விளங்காதிருந்த கையால் கையெழுத்தும் இட்டார். பிறகு கேட்பானேன்! காட்டுத் தீ போலச் செய்தி பரவிற்று. இலங்கையிலும், மறு ஆண்டு வங்காளத்திலும், தென்னிந்தியாவிலும், அவர் தங்கிய இடமெல்லாம் நொண்டிகளும் குருடர்களும் செவிடர்களும் தாழ்வாரத்தில் வந்து நிறைந்தார்கள். ஆயிரக்கணக்கானோரைத் தொட்டார். ஒரு காசும் வாங்கவில்லை. 1883இன் பிற்பகுதியில் உடல் சோர்ந்துபோனார். தம் குருநாதரின் ஆணை என்று சொல்லி, அத்துடன் நிறுத்தினார்.

ஆல்காட் நேர்மையான மனிதர். தாழ்த்தப்பட்ட மக்களின் குழந்தைகளுக்கு அடையாற்றில் பள்ளி தொடங்கிய அவரை இகழ எனக்கு நாவெழாது. அந்நேர்மையினாலேதான் அவர் எழுதிவைத்த நாட்குறிப்பு நூலில் ஒரு முக்கியமான செய்தியையும் மறைக்காமல் விட்டுச் சென்றார். கூட்டம் பெருகியபின் அவர் எல்லோருக்கும் சிகிச்சை செய்யவில்லை. நோயாளியைச் சுவரை நோக்கி நிறுத்திக் கண் மூடச் செய்வார். பின்புறமிருந்து கையை நீட்டி, தலை பின்னே சாய்கிறதா என்று பார்ப்பார். சாய்ந்தவரை வைத்துக்கொள்வார், அசையாதவரை அனுப்பிவிடுவார். தேர்வு நடக்குமுன்னரே தேறக்கூடிய பிள்ளைகளை மட்டும் உட்காரவைத்து விட்டுப் பள்ளியின் தேர்ச்சி விகிதத்தைச் சொல்லும் தலைமையாசிரியரை நீங்கள் என்னவென்று சொல்வீர்கள்? (அத்தகைய தலைமையாசிரியர்களை நான் அறிவேன்.) ஆல்காட் ஏமாற்ற எண்ணவில்லை, ஆனால் அவர் கணக்கு அப்படித்தான் அமைந்துவிட்டது.

சரியான கணக்கு எப்படி இருக்கும்? அதற்கும் வெளிநாடு செல்ல வேண்டாம். எங்கள் ஊரிலிருந்து சென்னிமலை வழியாகப் போனால் பெருந்துறை. அங்கே ‘சானடோரியம்’ என்றால் இன்றும் எல்லாருக்கும் தெரியும். என் தந்தையார் காலத்தில் காசநோய்க்கு மருந்து என்றால் நல்ல காற்று, ஓய்வு, சத்துள்ள உணவு ஆகியனவே. நோயாளி மாதக்கணக்காக வீட்டைப் பிரிந்து கட்டிலில் கிடக்க வேண்டும். இதை நம்பினவர்கள் பாமரர் அல்லர். உலகத்து மருத்துவர்கள் எல்லாரும் நம்பினார்கள். 1956இல் சென்னையில் காசநோய் மருந்தாராய்ச்சி நிலையம் ஒன்று தொடங்கப்பட்டது. நோயாளிகளைத் தேர்ந்து பொறுக்காமல், குருட்டுச் சீட்டுப் போட்டது போல, இரு கூறாகப் பிரித்தார்கள். இருவருக்கும் ஒரே மாத்திரைகள். ஒரு கூறு சானடோரியத்தில். மற்றது சென்னையின் நெரிசல் மிக்க ஏழைக் குடில்களில், கிடைத்த கஞ்சியைக் குடித்துக்கொண்டு. ஓராண்டுக்குப் பின் பார்த்தால், வீட்டில் இருந்தவர்களும் ஏறக்குறைய அதே அளவுக்குத் தேறியிருந்தார்கள்! 1959இல் வெளியான அந்த முடிவு உலகெங்கும் காசநோய்ச் சிகிச்சையை மாற்றியது. கட்டிலும் காற்றும் அல்ல, மாத்திரையே கிருமியைக் கொன்றது. மருத்துவர்கள் தங்கள் நம்பிக்கையையே கூண்டில் ஏற்றிக் குறுக்கு விசாரணை செய்தார்கள் என்பதுதான் இதில் நான் வணங்கும் செய்தி.

இன்று ‘ஆற்றல் சிகிச்சை’ பல பெயர்களில் உலவுகிறது. ஜப்பானில் 1922இல் மிகாவோ உசுயி தொடங்கிய ரெய்கி ஹவாய்த் தீவு வழியாக மேல்நாடு சென்று, அங்கிருந்து நமக்கு வந்தது. பிலிப்பைன்ஸிலிருந்து ‘பிராண சிகிச்சை’ வந்தது. அமெரிக்கச் செவிலியரிடையே ‘தொடு சிகிச்சை’ என ஒன்று பரவியது. உடலைத் தொடாமலே, சற்று மேலே கையை அசைத்து, நோயாளியைச் சூழ்ந்த ஆற்றலைச் சீர்செய்வது அம்முறை. இதனைச் சோதித்தவர் யார் தெரியுமா? எமிலி ரோசா என்ற ஒன்பது வயதுச் சிறுமி! 1996இல் பள்ளி அறிவியல் கண்காட்சிக்காகச் செய்தாள். நடுவே ஓர் அட்டைத் தட்டி. சிகிச்சை செய்பவர் தம் இரு கைகளையும் அதன் துளைகளுக்குள் நீட்டுவார். எமிலி நாணயத்தைச் சுண்டிப் பார்த்து, அவருடைய இடக்கை அல்லது வலக்கைக்கு மேலே தன் கையைப் பிடிப்பாள். எந்தக் கைக்கு மேல் என்று அவர் சொல்ல வேண்டும். இருபத்தொருவர், மொத்தம் 280 முறை, சரியாகச் சொன்னது 123 முறை. அதாவது நூற்றுக்கு 44. கண்ணை மூடிக்கொண்டு ஏதோ ஒன்றைச் சொல்லியிருந்தாலே பாதி சரியாகியிருக்கும்! 1998இல் அமெரிக்க மருத்துவச் சங்கத்தின் இதழ் அதை வெளியிட்டது. பாஸி தோட்டத்துப் பாதாமி மரத்தை இந்தப் பெண் மறுபடியும் நட்டாள் என்று எனக்குத் தோன்றுகிறது.

அப்படியாயின், என் முழங்கால் வலி குறைந்ததேன்? நாள்பட்ட நோய் ஒரே மட்டத்தில் நிற்பதில்லை, ஏறும், இறங்கும். கிணறு அடிமட்டம் தட்டிய பிறகுதான் நாம் மழைக்கு வேண்டுதல் வைக்கிறோம். மழையும் பல சமயம் அதன்பின் வருகிறது. அதுபோல வலி உச்சத்தில் இருக்கும்போதுதான் வட்டத்தைத் தேடிப் போகிறோம். அதன்பின் அது இறங்கத்தானே வேண்டும்? இது ஒன்று. மற்றொன்று, வீட்டில் ‘எப்போது பார்த்தாலும் நோவு நோவு என்கிறாள்’ என்று சலித்துக்கொள்ளப்படும் ஒரு பெண்ணுக்கு, அரை மணி நேரம் பன்னிரண்டு பேர் சலிக்காமல் அருகில் இருப்பது சிறிய மருந்தா? தசை தளர்கிறது, மூச்சு சீர்ப்படுகிறது, வலி தணிகிறது. ஆனால் இரத்தத்தில் ஏறும் சர்க்கரை தோளில் வைத்த கையை அறியாது. அங்கே இன்சுலின்தான் வேண்டும். இன்சுலினை 1922இல் முதன்முதலில் ஒரு சிறுவனுக்குச் செலுத்தினார்கள். அதற்கு முன் அந்நோய் கண்ட குழந்தைகள் எலும்பும் தோலுமாய் இறந்தார்கள்.

இவற்றையெல்லாம் அடுத்த சனிக்கிழமை அந்தக் கூடத்தில், இதே வரிசையில் சொன்னேன். பாதாமி மரக் கதைக்கு அனைவரும் சிரித்தார்கள். பாரிச வாயுக்காரர் மட்டும், “அப்ப எங்களுக்கு வந்த சொகம் பொய்யிங்களா?” என்று சற்றுக் கோபமாகவே கேட்டார். “பொய் இல்லைங்க, ஆனால் அது எங்கிருந்து வந்தது என்று நீங்கள் நினைத்ததுதான் தப்பு” என்றேன். அவர் ஏற்றுக்கொண்டாரா என்று தெரியவில்லை. ஒருவர் அன்றே எழுந்து போனார், பிறகு வரவில்லை.

என் மாணவி வட்டத்தைக் கலைக்கவில்லை. பெயர்ப்பலகையில் இருந்த ‘ஆற்றல் சிகிச்சை’ என்ற சொற்களை அழித்துவிட்டு, ‘சனிக்கிழமைக் கூட்டம்’ என்று எழுதினார். சித்தப்பா மகன் கைத்தடியுடன் மறுபடி வருகிறார். வாசலில் ஒரு சிறு மேசை. அதன்மேல் ஒரு பள்ளிக்கூட நோட்டு. உள்ளே வருபவர் ஒவ்வொருவரையும் அவர் நிறுத்தி, “காலையில ஊசி போட்டீங்களா? மாத்திரை சாப்டாச்சுங்களா?” என்று கேட்டு, வருகைப் பதிவு எடுப்பது போலவே, பெயருக்கு நேரே குறித்துக்கொள்கிறார். சென்ற வாரம் என் இரத்த அழுத்த மாத்திரையை மறந்துவிட்டுப் போனேன். என்னை வீட்டுக்குத் திருப்பி அனுப்பிவிட்டார்.